உப்புப் பாலத்தில் கல்லுப்பு

நைனா, சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. கேரியரின் மேல் தட்டைத் திறந்ததும் பொரியலுக்குப் பதிலாகக் காகிதம் இருப்பதைப் பார்த்து உனக்குக் கோபம் வரும். வரட்டும். கீழ்த் தட்டுகளில் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் முட்டையும் இருக்கின்றன, அவை எங்கும் ஓடிப்போகாது. இறால் வைக்கவில்லை. ஏன் என்பதைப் போகப் போகத் தெரிந்துகொள்வாய். போனில் சொல்லிவிடலாமே என்று கேட்பாய். வியாழக்கிழமை சொல்லித்தான் பார்த்தேன், நீ காதில் வாங்கவில்லை. நேற்றிலிருந்து உன் போன் அணைந்து கிடக்கிறது. கண்ட்ரோல் ரூமுக்குள் போன் கொண்டுபோய்ப் படம் எடுத்ததற்காகப் பிடுங்கி வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அது மட்டும் காரணமில்லை. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது, அதை உன் குரலைக் கேட்டுக்கொண்டே சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. பதினெட்டு வருஷமாக இல்லை.

வியாழக்கிழமை மதியம் நீ அனுப்பிய படம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. கழிவுநீர் சுத்திகரிப்புப் பகுதியின் கம்ப்யூட்டர் திரை. வேலையில் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகிறது, அதற்குள் தனியாக ஷிப்ட் பார்க்க விட்டுவிட்டார்கள் என்ற பெருமை உனக்கு. வெளியே போகிற தண்ணீரின் பி.எச்., அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்கிற எண், அதற்கு முந்தைய மூன்று நாளும் ஏழு. ஏழு என்றால் அதுவுமில்லை இதுவுமில்லை, ஆபத்தில்லாத தண்ணீர். திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல ஒரு பச்சைக் கோடு. கீழே, ‘பாரும்மா, என் டூட்டில ஒரு புள்ளி அசையல’ என்று எழுதி, சிரிக்கிற மூஞ்சி இரண்டு போட்டிருந்தாய். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் கீரையை அப்படியே போட்டேன். உடனே கூப்பிட்டு, பி.எச். அளக்கத் தண்ணீருக்குள் முக்கி வைத்திருக்கிற எலக்ட்ரோடைக் கடைசியாக எப்போது வெளியே எடுத்துச் சுத்தம் செய்தார்கள் என்று கேட்டேன். நீ சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

“அய்ய, இன்னாமா நீ. கோடு நேரா கீதேன்னு சந்தோசப்படுவேன்னு பாத்தா பேஜார் பண்ணிகினு கீற. எங்க இன்ஜினியரே சூப்பர்னு சொல்லிட்டுப் போனாரு.”

“அதுக்குப் பொட்டாசியம் குளோரைடு ஊத்துறாங்களா இல்லையா?”

“அதெல்லாம் உங்க காலத்து மெசினுமா. இது ஜெல்லு. ஊத்தவே தேவயில்ல.” இப்படிச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

ஜெல்லாக இருந்தாலும் அதற்கும் ஒரு வாய் உண்டு, அந்த வாயும் அடைத்துக்கொள்ளும். உயிரோடு இருக்கிற கழிவுநீர் மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டாது, நைனா. கலன் கழுவினால் ஏறும், அமிலம் கலந்தால் இறங்கும், மழை பெய்தால் அசையும். எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளில்கூட ஆறே முக்காலுக்கும் ஏழே காலுக்கும் நடுவே தலையாட்டிக்கொண்டுதான் இருக்கும். இருபத்திரண்டு வருஷம் அந்த எண்ணைப் பார்த்துச் சோறு தின்றவள் நான். அத்தனை வருஷத்தில் நேர்க்கோட்டை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். பதினோரு நாள் அது அசையவில்லை. அந்தப் பதினோரு நாளைப் பற்றித்தான் உனக்குச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் உப்புப் பாலம். நீ டிப்ளமோவில் படித்திருப்பாய், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிவிட்டு மறந்தும் இருப்பாய். நான் பிளஸ் டூவோடு நின்றவள், அதனால் மறக்கவில்லை. திருவொற்றியூரில் எங்கள் பள்ளிக்கூட லேபில் டீச்சர் இரண்டு பீக்கர் வைத்தார். ஒன்றில் துத்தநாகத் தகடு, மற்றொன்றில் செம்புத் தகடு, ஒவ்வொன்றும் அதனதன் கரைசலில். இரண்டு தகட்டையும் மேலே கம்பியால் இணைத்து, நடுவில் ஒரு முள் மீட்டர். முள் அசையவில்லை. கம்பி சரியாக இல்லை என்று நான் கத்தினேன். டீச்சர் ஒரு வடிதாள் துண்டை உப்புக் கரைசலில் நனைத்து, ஒரு முனை இந்தப் பீக்கரிலும் மறு முனை அந்தப் பீக்கரிலும் படுகிற மாதிரி போட்டார். முள் குதித்து எழுந்தது. தாளை எடுத்தார், முள் விழுந்தது. போட்டார், எழுந்தது. ஈரக் காகிதத் துண்டுக்கு இவ்வளவு வேலையா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். “பாலம்னா இந்தக் கரைல இருக்கிறவங்க அந்தக் கரைக்குப் போறதுன்னு நெனைக்காதீங்க” என்றார் டீச்சர். “இங்க ரெண்டு தண்ணியும் கலக்கக் கூடாது. ஆனா மின்சாரம் ஓட ஓட ஒவ்வொரு பக்கமும் ஒரு சுமை ஏறிக்கிட்டே போகும், ஏறிட்டா எல்லாம் நின்னுடும். அப்ப இந்தப் பாலம் தன்கிட்ட இருக்கிற உப்பப் பிரிச்சு ரெண்டு பக்கமும் கொடுத்து அந்தச் சுமையச் சரிபண்ணும். கொடுத்துக் கொடுத்து அதுவே தீர்ந்துபோகும். மறுபடி நனைக்கணும்.”

பி.எச். மீட்டருக்குள்ளும் இதே கதைதான். கண்ணாடிக் குமிழ் ஒன்று தண்ணீரைத் தொட்டுச் சேதி சொல்கிறது. எதோடு ஒப்பிட்டுச் சொல்வது? அதற்காக உள்ளே மாறாத கரைசல் ஒன்றை அடைத்து வைத்திருக்கிறார்கள். வெளித் தண்ணீரும் அந்தக் கரைசலும் ஒன்றையொன்று தொடுகிற இடம், பக்கவாட்டில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட பீங்கான். அதன் வழியே பொட்டாசியம் குளோரைடு துளித் துளியாகக் கசிந்துகொண்டே இருக்க வேண்டும். அங்கே அதுதான் உப்புப் பாலம். வேறு உப்பு ஏன் கூடாது என்றால், பொட்டாசியமும் குளோரைடும் தண்ணீரில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகிறவை. ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் பாலமே தன் பங்குக்கு ஒரு மின்னழுத்தத்தைச் சேர்த்துவிடும். அப்புறம் திரையில் தெரிவது தண்ணீர் சொன்னதா பாலம் சொன்னதா என்று யாருக்கும் தெரியாது. இது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

நீ இரண்டாம் வகுப்பு. அப்பா துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு லாரியில் கிளம்பினால் வாரக்கணக்கில் வரமாட்டார். எண்ணூர்ப் பக்கம் ஒரு சின்ன ரசாயனத் தொழிற்சாலையில் நான் லேப் உதவியாளர், காண்ட்ராக்ட் வேலை. அந்தத் தொழிற்சாலையை மூடிப் பல வருஷம் ஆகிறது. அப்போது எங்களில் சிலரை நிரந்தரம் செய்யப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள், என் பெயரும் இருக்கிறது என்று பேச்சு. ஐப்பசி மழை விடாமல் பெய்தது. பொட்டாசியம் குளோரைடு தீர்ந்துபோய், ஸ்டோரில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். எலக்ட்ரோடு காய்ந்துகொண்டிருக்கிறது என்று ஷிப்ட் இன்சார்ஜிடம் போய் நின்றேன்.

“உப்புதான வோணும்? கேண்டீன்ல மூட்ட மூட்டயா கீது. கரச்சி ஊத்து.”

“சார், இது வேற உப்பு சார்.”

“எல்லாம் உப்புதாம்மா. மீட்டரு ஓடணும், அவ்ளோதான்.”

கேண்டீனுக்குப் போய் ஒரு பிடி கல்லுப்பு வாங்கினேன். தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, ஊசியால் எலக்ட்ரோடுக்குள் ஊற்றினேன். நாம் சாம்பாருக்குப் போடுகிற அதே உப்பு, உப்பளத்து மண்ணும் கசப்புமாக வருவது. அந்தக் கசப்புதான் மெக்னீசியம். எங்கள் கழிவுநீரோ காஸ்டிக் சோடாவில் கலன் கழுவிய காரத் தண்ணீர். காரமும் மெக்னீசியமும் சந்தித்தால் வெள்ளையாகக் கஞ்சி மாதிரி திரளும். அது திரண்ட இடம் அந்த வெள்ளைப் புள்ளியின் துளைகளுக்குள். வெள்ளைக்குள் வெள்ளை, பார்த்தால் தெரியாது. குமிழின் மேலும் ஓடு கட்டியது. பாலம் அடைபட்டால் மீட்டர் சில சமயம் கண்டபடி ஓடும், அது நல்லது, உடனே பிடித்துவிடலாம். இது அப்படி ஓடவில்லை. சாயங்காலம் வரை கொஞ்சம் அலைந்துவிட்டு, ஓட்டுக்குள் தேங்கிய பழைய தண்ணீரையே தொட்டுக்கொண்டு, ஏழில் வந்து உட்கார்ந்தது. “பாத்தியா, நான் சொல்லல?” என்றார் இன்சார்ஜ். நானும் சிரித்தேன்.

காரம் ஏறினால் அமிலம் விட்டுச் சரிசெய்கிற பம்ப், மீட்டர் சொல்வதைக் கேட்டுத்தான் ஓடும். மீட்டர் ஏழு என்றது, பம்ப் சும்மா கிடந்தது. காரத் தண்ணீர் அப்படியே குழாய் வழியாகக் கழிமுகத்துக்குப் போனது. ஷிப்டுக்கு ஒருமுறை நிறம் மாறும் காகிதத்தை நனைத்துப் பார்த்து ரிஜிஸ்தரில் எழுத வேண்டும் என்பது விதி. மழையில் யார் வெளியே போவது என்று நாங்கள் எல்லாரும் மீட்டரைப் பார்த்தே எழுதிவிடுவோம். மூன்றாம் நாள் எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு போய்க் காகிதத்தை நனைத்தேன். ஏழென்றால் பச்சையாக இருக்க வேண்டும். கத்திரிக்காய்த் தோல் மாதிரி கறுத்து வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் இன்சார்ஜிடம் காட்டினேன். அவர் முதலில் கதவைச் சாத்தினார்.

“கல்லுப்ப ஊத்துனது யாரு?”

“நீங்கதான சார் ஊத்தச் சொன்னீங்க?”

“நான் சொன்னேன்னு எங்கனா எழுதிகீதா? கையெழுத்து உன்து. நெரந்தர லிஸ்ட்டு அடுத்த வெள்ளிக்கெழம மேல போவுது. பொட்டாசியம் வந்துடும், மாத்திக்கலாம். அதுவரிக்கும் வாயத் தொறக்காத. உன் நல்லதுக்குச் சொல்றேன்.”

காகிதத்தைக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். திரும்பி வந்து ரிஜிஸ்தரில் 7.1 என்று எழுதினேன். அதற்கப்புறம் எட்டு நாள் எழுதினேன். ஒரே எண்ணை எழுதினால் சந்தேகம் வருமே என்று ஒரு நாள் 7.0, ஒரு நாள் 7.2 என்று மாற்றி மாற்றி எழுதுகிற அளவுக்கு என் புத்தி வேலை செய்தது. நீ ஏழாம் வகுப்பில் ரேங்க் கார்டில் என் கையெழுத்தை நீயே போட்டுக்கொண்டு போனதற்காக உன்னை விசிறிக் கட்டையால் விளாசினேனே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு உன்னை அடித்ததில் பாதி அடி எனக்கு விழ வேண்டியது.

அந்த எட்டு நாளில் ஒருநாள் கும்மிடிப்பூண்டி ரயிலில் மீன்காரம்மா ஒருத்தி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “ஆத்துல எறங்குனவனுக்கெல்லாம் தோலு உரிஞ்சுகினு வருதாம்மா, சாம்பத் தண்ணின்றாங்க” என்றாள். நான் “அப்படியா” என்றேன். சாம்பல்தான், அனல்மின் நிலையத்துச் சாம்பலாகத்தான் இருக்கும் என்று இறங்குகிற வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினோராம் நாள் பொட்டாசியம் குளோரைடு வந்தது. எலக்ட்ரோடை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, அலசி, நிரப்பித் திரும்ப வைத்தேன். எண் ஏழிலிருந்து விறுவிறுவென்று ஏறிப் பன்னிரண்டில் போய் நின்றது. பம்ப் இரைந்துகொண்டு ஓட ஆரம்பித்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதம் நிரந்தரம் ஆனேன். தெருவில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தேன், நீ நான்கு தின்றாய்.

இனிமேல் எழுதுவதுதான் கஷ்டம். கோமதியை நீயே பார்த்து, நீயே பிடித்து, எங்களிடம் வந்து சொன்னாய். பங்குனியில் கழிமுகத்து ஓரம் இருக்கிற நெட்டுக்குப்பத்துக்குப் பெண் கேட்டுப் போனோம். உன் மாமனார் ஆகப்போகிற தேசப்பன் காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துப் பிடித்ததை நீ கவனித்தாயோ என்னவோ, நான் கவனித்தேன். விரல் நுனியெல்லாம் வழுவழுவென்று பளபளத்தது. கோமதி சிரித்துக்கொண்டே, “எங்கப்பாவுக்கு ரேகையே இல்ல அத்த. ரேசன் கட மெசினு இவர மன்சன்னே ஒத்துக்க மாட்டேங்குது. நான்தான் கூடப்போயி வெரல் வெக்கணும்” என்றாள். நீயும் சிரித்தாய். எப்போது ஆனது என்று நான் கேட்டேன். ஏன்தான் கேட்டேனோ.

“இவ பால்வாடி போய்கினு இருந்தா அப்ப. ஐப்பசி மழ. கடத்தண்ணி வடியற வத்தத்துல பைப்பு வாயாண்ட பள்ளத்துல எறாலு நல்லா கெடைக்கும். எறாலு போடற பறியப் பல்லுல கடிச்சிகினு ரெண்டு கையாலயும் சேத்தத் தடவிகினு போறேன், தண்ணி சோப்பு மாரி வழவழன்னு கீது. எரிச்சல்கூட இல்ல. வூட்டுக்கு வந்து சோத்துல கை வெச்சா, தோலு சோத்தோட வருது” என்றார். எந்தப் பைப் என்று கேட்டேன். மூடிக்கிடக்கிற என் பழைய தொழிற்சாலையின் பெயரைச் சொன்னார். காரம் அப்படித்தான். அமிலம் உடனே சுடும், கையை எடுத்துவிடலாம். காரம் வழுக்கிக்கொண்டே வேலையை முடித்துவிட்டு அப்புறம்தான் வலிக்கும். நான் அந்தக் காபியைக் குடித்து முடித்தேன். தட்டு மாற்றினோம், தை மாதம் முகூர்த்தம் என்று பேசினோம். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். கல்யாணம் நின்றுவிடுமே, உனக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அன்றைக்கும் எனக்காகத்தான் மூடிக்கொண்டேன், இன்றைக்கும் எனக்காகத்தான்.

உனக்கு உபதேசம் செய்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் தப்பு செய்தவளுக்குத் தெரிந்தது நல்லவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஒரு பக்கம் தொழிற்சாலை, ஒரு பக்கம் கழிமுகம். இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. நடுவில் நின்று பார்த்துச் சொல்கிற ஆள் ஒருத்தன்தான், இப்போது அது நீ. உன்னுடையது பெரிய பதவி இல்லை, குண்டூசித் தலை அளவு இடம். அந்த இடம் அடைத்துக்கொண்டால் எதுவும் வெடிக்காது, மணி அடிக்காது, சிவப்பு விளக்கு எரியாது. இன்ஜினியர் சூப்பர் என்பார். எனக்குப் பயமாக இருப்பது அதுதான். மேலே இருக்கிறவர் தட்டிக்கொடுக்கிற சந்தோஷம், சேர்ந்த புதிதில் எதற்கு வம்பு என்கிற எண்ணம், கல்யாணத்துக்கு முன்னால் பெயர் கெட்டுவிடக் கூடாது என்கிற பயம், எல்லாம் எனக்கும் இருந்தது. பார்ப்பதற்கு அவையும் உப்பு மாதிரிதான் இருக்கும். ஊற்றிவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

இதுவரை வீட்டில் எழுதினேன். இப்போது மணி பதினொன்றரை. உன் கம்பெனி வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். நெட்டுக்குப்பத்திலிருந்து நேராக வருகிறேன். தேசப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்லக் கையை நிறுத்தவில்லை. திட்டுவார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்துத்தான் போனேன். முடித்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அப்புறம், “அத்தக் கடலம்மா கோவம்னு நெனச்சிகினு கீறேன் சம்மந்தி. நான் இன்னா தப்பு பண்ணேன்னு கேட்டுகினு வருசா வருசம் ஐப்பசில அவளுக்குப் படையல் போட்டுகினு கீறேன்” என்றார். எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது. காலில் விழப் போனேன், நகர்ந்துகொண்டார். “கல்யாணத்தப் பத்தி அப்பறம் பேசலாம். மாப்புள்ள கம்பெனித் தண்ணி எங்க வந்து உழுது?” என்று கேட்டார். ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம், மேற்குக் கரையில் என்று நீ சொல்லியிருந்ததைச் சொன்னேன். வலை ஊசி அவர் கையிலிருந்து விழுந்தது. “ரெண்டு மணிக்கு வத்தம் அடிக்குது. அங்கதான் எல்லாம் எறாலு தடவ எறங்கும். கோமதியும் அவ ஆத்தாவும்கூட பறிய எடுத்து வெச்சிகினு கீறாங்க” என்றவர், சட்டைகூடப் போடாமல் கரையோரமாக நடந்தார்.

இங்கே உன் கம்பெனி வாசலில் பெரிய போர்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். ஊர் பார்க்கட்டும் என்று வெளியே போகிற தண்ணீரின் அளவுகள் சிவப்பு விளக்கில் ஓடுகின்றன. நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 7.02. டீ ஆறியது, ஒரு லாரி உள்ளே போனது, இரண்டு லாரி வெளியே வந்தது, அது அப்படியே இருக்கிறது. செக்யூரிட்டியிடம் போய் என் மகனைக் கூப்பிடுங்கள், அந்த மீட்டர் தப்பு என்றேன். “இன்னா ஆயா, கம்ப்யூட்டரு தப்பா சொல்லுமா? டூட்டி ஆள வெளிய உட முடியாது. பன்னெண்டரைக்கு டிபனு உள்ள போவும், குடுத்துட்டுப் போ” என்றான். இன்ஜினியரைப் பார்க்க வேண்டும் என்றேன், அவர் மீட்டிங்கில் இருக்கிறாராம்.

கேரியரின் மேல் தட்டில் காகிதத்தோடு சின்னப் புத்தகம் மாதிரி ஒன்று இருக்கும், மருந்துக்கடைப் பக்கத்தில் ரசாயனக் கடையில் வாங்கிய நிறம் மாறும் காகிதம். யாரையும் கேட்காதே. தண்ணீர் வெளியே விழுகிற இடத்துக்கே போய் ஒரு துண்டைக் கிழித்து நனை, வெறும் கையால் தொடாதே. பச்சையாக வந்தால் உன் அம்மா ஒரு பைத்தியம் என்று ஊரெல்லாம் சொல், நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். நீலமாகவோ சிவப்பாகவோ வந்தால் வெளியேற்று வால்வை உடனே மூடித் தண்ணீரைத் தேக்கத் தொட்டிக்குத் திருப்பு. அப்புறம் எலக்ட்ரோடை எடுத்து, லேபில் நாலு என்று எழுதியிருக்கும் கரைசலில் வை. ஒரு நிமிஷத்தில் எண் நாலுக்கு இறங்காவிட்டால் அது செத்துவிட்டது. பார்த்ததைப் பார்த்தபடி, பார்த்த நேரத்தோடு ரிஜிஸ்தரில் எழுதி உன் கையெழுத்தைப் போடு. யாராவது கதவைச் சாத்தினால் திறந்துகொண்டு வெளியே வா. வேலை போனால் போகட்டும்.

இப்போது கோமதி போன் செய்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

“அத்த, அப்பா எல்லாராண்டயும் சொல்லிட்டாரு. நம்ம வூட்ல யாரும் எறங்கல. ஆனா மத்தவங்க கேக்க மாட்டேங்கிறாங்க. தண்ணி அதுக்குள்ள வத்திடுச்சி, முட்டிக்குக் கீழ போயிடுச்சி.”

“உங்கப்பா கையக் காட்டுனாரா?”

“காட்டுனாரு. இது பழைய கதைன்றாங்க. போர்டுல ஏழுன்னு காட்டுதேன்றாங்க. அது பொய்யா இருக்கும்னு அப்பா சொன்னாரு அத்த. அதுக்கு அவங்க, தேசப்பா, அங்க உன் மாப்புள்ளதான டூட்டில கீறாரு, நம்ம வூட்டு மாப்புள்ள நம்மளுக்குப் பொய் சொல்லுவாரான்னு கேட்டுட்டு, பறியக் கடிச்சிகினு எறங்கிட்டாங்க. பொம்பளைங்கதான் நெறைய.”

நைனா, இந்தப் பக்கத்தை மேலே வைத்து மடிக்கிறேன். மற்றதை எல்லாம் அப்புறம் படித்துக்கொள், அப்புறம் என்னைத் திட்டிக்கொள். அவர்கள் போர்டை நம்பி இறங்கவில்லை, உன்னை நம்பி இறங்கியிருக்கிறார்கள். எழுந்திரு. ஓடு.